சேறா, பாசியா, உறைபனியா: மலைவாசிக்கு எந்த ஷூ கிரிப்?

ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு, வேண்டாதபோது கழற்றி வைக்கும் கிரிப் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று ரகம். தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் தினமும் இறங்கி பஸ் பிடிப்பவர்கள் ஒரு ரகம். வீட்டுப் படியில் பாசி ஏறிவிட்டது, வயதான அம்மாவோ மாமியாரோ எப்போது விழுவார்களோ என்று பயந்துகொண்டே இருப்பவர்கள் இன்னொரு ரகம். சோலைக்காட்டு நடைக்கும் ஆகட்டும், அப்படியே இமயமலைக்கும் ஆகட்டும் என்று ஒரே செலவில் முடிக்கப் பார்க்கும் இளைஞர்கள் மூன்றாவது. மூவரும் ஆன்லைனில் பார்ப்பது அதே நான்கு பொருட்களைத்தான். ஒருவருக்குச் சரியானது இன்னொருவரை விழவைக்கும்.

காரணம் எளிது. இந்தப் பொருட்களில் பெரும்பாலானவை பனிக்கட்டி உறையும் நாடுகளுக்காகச் செய்தவை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடப்பது உண்மைதான். கொடைக்கானலிலும் ஏரிப் பக்கம் அப்படி ஆகும். ஆனால் அது புல் மேலும் கார் கூரை மேலும் படியும் உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். நடைபாதையே கண்ணாடி மாதிரி உறைந்து கிடப்பது இங்கே அபூர்வம்.

நம்மை விழவைப்பது மழைதான். கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபருக்குப் பிறகு வரும் மழைதான் பெரிது. இரண்டையும் சேர்த்தால் மலையில் எங்காவது ஓரிடம் ஆறு மாதமும் ஈரமாகத்தான் இருக்கும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: வழுக்குகிற படலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தை நம்பித்தான் ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் வெறும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பல் பிடிப்பதற்குக் கீழே தண்டவாளத்திலும் பல் இருக்கிறது. ஷூவில் மாட்டும் ஆணிக்கும் இதே கதைதான். ஆணி இறங்கி நிற்க கீழே ஏதாவது கெட்டியாக, ஆனால் கொஞ்சம் இடம் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

அதன்படி பார்த்தால் நம் ஊர்த் தரை மூன்று வகை. முதலாவது, மேலே வழுவழு, அடியில் கெட்டி. நாலு பேர் நடந்து இறுகிப்போன செம்மண் பாதையில் ஒரு தூறல் விழுந்த நிலை. பாசி படிந்த கரடுமுரடான கல்படியும் இதில் சேரும். இரண்டாவது, மேலும் இளகல், அடியும் இளகல். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு அதே செம்மண் பாதை. மூன்றாவது, அடியில் இரும்பு மாதிரி கெட்டி, மேலேயும் வழவழப்பு: டைல்ஸ், பாலிஷ் போட்ட கிரானைட், இழைத்துப் பூசிய சிமெண்ட். முதல் வகைக்கு ஆணி. இரண்டாவதற்கு ஆழமான வரிகள் உள்ள அடி. மூன்றாவதற்கு மென்மையான ரப்பர். இதை மாற்றிப் போட்டால் காசும் போகும், இடுப்பும் போகும்.

அடுத்தது குதிகால். நடக்கும்போது ஆபத்தான சறுக்கல் பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடும் நொடியில் நடக்கிறது. கால் முன்னால் ஓட, ஆள் மல்லாந்து விழுகிறார். இறக்கத்தில் இது இன்னும் மோசம். ஆகவே முன்பாதத்துக்கு மட்டும் பட்டை வைத்து, குதிகாலை வெறுமையாக விட்டிருக்கும் மலிவு ரகங்களைப் பார்த்தவுடன் தள்ளிவிடலாம். மலையில் இறங்குபவருக்கு அது பாதிக் கிரிப் கூட இல்லை.

மூன்றாவதாக, போகிற வழியில் தரை எத்தனை முறை மாறுகிறது என்று பாருங்கள். மண்பாதை, தார் ரோடு, பஸ், ஆபீஸ் டைல்ஸ் என்று மாறிக்கொண்டே இருந்தால், மாட்டுவதும் கழற்றுவதும் சுலபமாக இருக்க வேண்டும். கடைசியாக, யார் மாட்டப்போகிறார்கள்? குனிந்து, இறுக்கமான ரப்பரை இரண்டு கையாலும் இழுக்க எழுபது வயதுக்காரரால் முடியுமா? இதை வாங்குபவர் யோசிப்பதே இல்லை. பார்சல் வந்த பிறகுதான் தெரியவரும்.

## சுருள்கம்பி வகை

ரப்பர் வலையில் ஸ்பிரிங் மாதிரி எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். யாக்டிராக்ஸ் என்ற பெயரில் பிரபலமானது இதுதான். இறுகிய பனியில் நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதியவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் வெளியே நடக்கும்போது இதை அணிந்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். விளம்பரங்களில் வரும் பாராட்டுகளுக்குப் பின்னால் உண்மை இருக்கிறது.

ஆனால் அது பனியில். செம்மண்ணில் சுருளுக்குள் சேறு அடைத்துக்கொள்ளும். அதன்பின் காலுக்கடியில் இருப்பது மண் உருண்டை. டைல்ஸில் உலோகம் வழுக்கும். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இது வேண்டாம்.

## குட்டை ஆணி வகை

ரப்பர் பட்டையில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஆணிகள் பதித்தது. ஒரு காலுக்கு ஐந்தாறு ஆணியில் தொடங்கி இருபதுக்கு மேலும் உண்டு. பெயர் இல்லாத ரகம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த வெளிநாட்டு ரகம் பல ஆயிரம்.

தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைக்கு, அதுவும் தூறல் காலத்துக்கு, இந்த நான்கில் இதுதான் முதலிடம். பாதை இறுகிய மண். மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நெய் தடவிய மாதிரி ஆகியிருக்கும். சாதாரண ஷூ அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆணி அதைத் துளைத்து அடிமண்ணில் இறங்குகிறது. பாசி பிடித்த பழைய கருங்கல் படிக்கும் அப்படித்தான்: கல் கொத்திவிட்டதாக, சொரசொரப்பாக இருந்தால் ஆணி நிற்கும். படி வழவழப்பாகத் தேய்ந்துபோயிருந்தால் நிற்காது. ஒரே படிக்கட்டில் மேல் படிகள் ஒரு மாதிரி, கீழ் படிகள் வேறு மாதிரி இருப்பதும் உண்டு. அதனால் நம்பி வேகமாக இறங்கக் கூடாது.

மழை நிற்காமல் பெய்ய ஆரம்பித்துவிட்டால் இதன் மதிப்பு சரியும். அடிமண்ணும் இளகிய பிறகு ஆணி இறங்குகிறது, ஆனால் எதையும் பிடிப்பதில்லை. ஒட்டும் மண் ஆணிகளுக்கு இடையே அப்பி, பத்தடிக்குள் எல்லாவற்றையும் மூடிவிடும். ஜூலை மூன்றாம் வாரத்தில் கூடலூர்ப் பக்கம் இதை மாட்டிக்கொண்டு போவது வீண்.

வாங்கும்போது ஆணி எத்தனை என்பதை விட எங்கே என்று பாருங்கள். குதிகாலில் மூன்று நான்காவது இருக்க வேண்டும். ஆணி ரப்பரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மலிவு ரகத்தில் ரப்பரில் ஓட்டை போட்டு ஆணியைச் சொருகியிருப்பார்கள். கல்லில் இரண்டு முறை மோதினால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சிலர் உபரி ஆணிகளைப் பொட்டலமாகவே உடன் தருகிறார்கள். அதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்வதா, முன்னெச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம்.

சாதாரண எஃகு ஆணி தார் ரோட்டில் சீக்கிரம் மழுங்கும். பாதையின் பாதி தார் ரோடு என்றால் கார்பைடுக்குக் காசு கொடுப்பது நியாயம். முழுக்க மண் என்றால் அவசியமில்லை.

## சங்கிலிப் பல் வகை

மைக்ரோஸ்பைக் என்று மலையேறுபவர்கள் சொல்வது இது. நீளும் ரப்பர் வளையத்தில் எஃகுச் சங்கிலி, அதில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளப் பற்கள். நல்ல ரகத்தில் காலுக்குப் பன்னிரண்டு. பெயர்பெற்ற கட்டூலா ஜோடி அமெரிக்காவிலேயே மலிவில்லை. இங்கே இறக்குமதி வரியோடு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தில் மலிவு நகல்களும் வருகின்றன. அவற்றில் முதலில் போவது பல் அல்ல, சங்கிலியை ரப்பரோடு சேர்க்கும் வளையம்.

பிடிமானம் என்று மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. செங்குத்தான ஈரமான புல்சரிவில், கொஞ்சம் இளகிய மண்ணில்கூட நிற்கும். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையில் வேர்களே படியாக இருக்கின்றன. மழை பெய்தால் வேரின் மேல் ஷூ வழுக்கும், இந்தப் பல் வழுக்காது.

அங்கேதான் எனக்கு ஆட்சேபம். வேர் வழுக்காமல் இருப்பதற்குக் காரணம், பல் அதன் பட்டையைக் கிழித்து உள்ளே இறங்குவது. ஒருவர் போனால் தெரியாது. சனி, ஞாயிறு தோறும் கூட்டம் போகும் பாதையில் நூறு ஜோடி பற்கள் இறங்கினால் அந்த வேர் என்ன ஆகும்? சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. புல்வெளியிலும் பல் மண்ணைப் பெயர்த்துவிட்டால் அடுத்த மழையில் அந்த இடம் ஓடையாகிவிடும். கோத்தகிரி லாங்வுட் சோலை 2024இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கீழே உள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் தருகிற காடு அது. அந்த மாதிரி இடத்துக்கு நல்ல வரியுள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் போதும். பாதை அதற்குமேல் கேட்டால், அன்றைக்குப் போக வேண்டாம்.

இன்னொரு நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. சோலையின் ஈர இலைச்சருகும் கொடைக்கானல் பைன் ஊசிகளும் பற்களில் குத்திக் குத்திச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் காலடியில் ஒரு மெத்தை உருவாகிவிடும். அடிக்கடி உதறிக்கொண்டே நடக்க வேண்டும். அட்டை ஏறுவதை இது தடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சங்கிலிக்கும் அட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

## முழு ரப்பர் மேலுறை

இதில் உலோகமே கிடையாது. ஷூவை முழுதாக மூடும் ரப்பர் உறை, அடியில் சின்னச் சின்ன வரிகள். தொழிற்சாலைகளிலும் பெரிய சமையற்கூடங்களிலும் வந்துபோகிறவர்களுக்குக் கொடுப்பது.

ஈர டைல்ஸ், எண்ணெய் சிந்திய தரை, மழைநாளில் நனைந்த கிரானைட் வராந்தா என்றால் இதுதான். ஆணி வகைகள் படுத்துவிடும் இடத்தில் இது நிற்கும். ஹோட்டல், ரிசார்ட் வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நடப்பவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வரிகள் ஆழமில்லாததால் சேற்றில் ஒரு நிமிடத்தில் அடைத்துவிடும். தோட்டப் பாதைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இந்த ரகத்தில், சேஃப்டி ஷூக்களைப் போலவே, எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்பி, எஸ்ஆர்சி என்ற குறிகளைப் பார்க்கலாம். எஸ்ஆர்ஏ என்றால் சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் டைல்ஸில் சோதித்தது. எஸ்ஆர்பி என்றால் கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டில். இரண்டிலும் தேறினால் எஸ்ஆர்சி. 2022இல் வந்த தரநிலையில் இந்த மூன்று குறிகளும் போய், எஸ்ஆர் என்ற ஒரே குறி வந்திருக்கிறது. தரைக்கு நல்ல அளவுகோல்தான். ஆனால் சேற்றிலும் பாசியிலும் யாரும் சோதிக்கவில்லை என்பதை மறந்துவிட்டு, "எஸ்ஆர்சி போட்டிருக்கிறது, எங்கேயும் வழுக்காது" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

## ஒன்றும் மாட்டாமலே

இதைக் கடைசியில் வைத்தாலும், பாதிப் பேருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தோட்ட வேலைக்காரர்களும் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் எடுப்பவர்களும் காலில் போடுவதைப் பாருங்கள்: கம்பூட் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ். ஆழமான, அகலமான இடைவெளி விட்ட வரிகள். நடக்க நடக்கச் சேறு தானே உதிர்ந்துவிடும். இளகிய மண்ணுக்கு இந்த இடைவெளிதான் மருந்து. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத வரியும் குதிகாலில் தெளிவான விளிம்பும் உள்ளதாக எடுத்தால் ஆடி மாதச் சேற்றில் எந்த ஆணியையும் விட நன்றாகப் பிடிக்கும். அட்டைக்கும் ஓரளவு பாதுகாப்பு. வரி தேய்ந்த கம்பூட்டைத் தூக்கிப் போட மனமில்லாமல் இன்னும் இரண்டு வருடம் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் விழுகிறோம்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில், உறைந்த சரிவான தெருக்களில் ஷூவுக்கு மேல் சாக்ஸ் போட்டால் வழுக்கல் குறைகிறதா என்று முறையாகச் சோதித்தார்கள். குறைந்தது. 2010இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது; சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அது. உறைபனி விழுந்த காலையில் வாசலிலிருந்து கார் வரைக்கும் போக, பழைய கம்பளி சாக்ஸ் உண்மையிலேயே போதும். சேற்றில் போடாதீர்கள், துவைப்பது யார்?

வீட்டுப் படிக்கு வருவோம். அம்மாவின் காலில் எதை மாட்டுவது என்று யோசிப்பதற்கு முன் படியைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் பாசி போகும். தண்ணீர் செடிப் பாத்திக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மறுபடி வரும், மறுபடி தேய்க்க வேண்டும். புதிதாகச் சிமெண்ட் பூசுவதாக இருந்தால் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பைப்பில் கைப்பிடி வைத்துவிடுங்கள். இந்த மூன்றும் வீட்டில் எல்லோருக்கும், செருப்பில் வருகிறவருக்கும் உதவும். ஏனென்றால் மேலே சொன்ன நான்கு கிரிப்பில் எதையும் செருப்பின் மேல் மாட்ட முடியாது.

## ஒரு பார்வையில்

| தரை | சுருள்கம்பி | குட்டை ஆணி | சங்கிலிப் பல் | ரப்பர் மேலுறை | கம்பூட் |
|---|---|---|---|---|---|
| தூறலில் நனைந்த இறுகிய செம்மண் | சுமார் | மிக நன்று | நன்று | மோசம் | நன்று |
| இளகிய ஆழமான சேறு | மோசம் | மோசம் | சுமார் | மோசம் | மிக நன்று |
| பாசி படிந்த சொரசொரப்பான கல் | சுமார் | நன்று | நன்று | சுமார் | சுமார் |
| ஈர டைல்ஸ், கிரானைட் | ஆபத்து | ஆபத்து | ஆபத்து | மிக நன்று | சுமார் |
| உறைபனி, இறுகிய பனி | நன்று | நன்று | மிக நன்று | மோசம் | மோசம் |

அருவிப் பாறை இந்த அட்டவணையில் இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான். நீர் ஓடி ஓடி இழைத்த பாறையில், பாசியோடு, எந்தக் கிரிப்பையும் நம்பி இறங்கக் கூடாது.

## விலைச்சீட்டில் வராத செலவு

அளவுதான் முதல் வில்லங்கம். நம் கடைகளில் 8 என்றால் பெரும்பாலும் பிரிட்டன் அளவு. அது அமெரிக்க ஆண்கள் அளவில் ஏறத்தாழ 9, ஐரோப்பிய அளவில் 42. கிரிப் விற்பவர் எந்தக் கணக்கில் எஸ், எம், எல் போட்டிருக்கிறார் என்று பார்க்காமல் வாங்கினால் ஒன்று நழுவும், இல்லை விரலை நெரிக்கும். கம்பூட்டின் மேல் மாட்டுவதாக இருந்தால், வெளிச்சுற்று பெரிது என்பதால், ஒரு அளவு கூடுதலாக எடுங்கள்.

அடுத்தது வண்டி. ஆணியோடு ஸ்கூட்டரிலோ பைக்கிலோ ஏறக் கூடாது. பிரேக் மிதியில் உலோகத்தோடு உலோகம் வழுக்கும். காரிலும் அப்படியே. பஸ் படி தகரத் தகடு. மழையில் ஆணியோடு ஏறினால் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். ஆகவே ஸ்டாப்புக்கு வந்ததும் கழற்ற வேண்டும், சேறு சொட்டும் அதை வைக்க ஒரு பை வேண்டும், உட்கார ஒரு திண்டு வேண்டும். இதெல்லாம் தினமும் செய்வீர்களா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளில் சலித்து, மூலையில் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் நல்ல கம்பூட்டே வாங்கலாம்.

பராமரிப்பும் இருக்கிறது. மலையின் ஈரக்காற்றில் மலிவு எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கழுவி, நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்தால் துருவும் பூஞ்சையும் சேர்ந்தே வரும். ரப்பரை வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். வளையத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். அது அறுவது எப்போதும் இறக்கத்தின் நடுவில்தான்.

## யாருக்கு எது

குறுக்குப் பாதையில் தினமும் இறங்குபவர், மழை விட்டு விட்டுப் பெய்யும் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் குட்டை ஆணி வாங்கலாம், குதிகாலில் ஆணி உள்ளதாக. விடாமழைப் பக்கம் இருப்பவர் கம்பூட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டும் வேண்டுமென்றால், கம்பூட் முதலில், ஆணி அடுத்த சம்பளத்தில்.

முதியவர்களுக்கு ஆணி வகையை நான் சொல்லமாட்டேன். பாசிப்படியில் அது காப்பாற்றும், வாசலைத் தாண்டி ஹாலின் டைல்ஸில் கால் வைத்ததும் அதுவே தள்ளிவிடும். கழற்ற மறப்பது வயதானவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் சகஜம். படியைத் தேய்த்து, கைப்பிடி வைத்து, குதிகாலை மூடும் மென்மையான ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ வாங்கிக் கொடுங்கள். விடியற்காலை உறைபனியில் பால் வாங்கவோ நடைக்கோ போயே தீருவேன் என்பவருக்கு மட்டும், வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்தே மாட்டிக் கழற்றும்படி ஆணி வகையைக் கொடுக்கலாம்.

இமயமலைக்கும் சேர்த்து யோசிப்பவர்கள், அதற்காகச் சங்கிலிப் பல் வாங்க அவசரப்பட வேண்டாம். கேதார்காந்தா மாதிரியான பனிநடைகளுக்கு அடிவாரத்திலேயே வாடகைக்குத் தருகிறார்கள். பலர் அதைக் கிராம்பான் என்றே சொல்வார்கள். வருடா வருடம் போகிறவர் என்றால் மட்டும் சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகும். வாங்கினாலும், நம் சோலைக்குள் அதை எடுத்துவர வேண்டாம்.